தீ எங்கே என்று சொல்லும் பலகை

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15ஆந் திகதி மாலை 6.20 மணியளவில், பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தை அடுத்த ஒரு சிறு அறையில் செந்நிற விளக்கொன்று எரிந்தது. ஆலயமெங்கும் பொருத்தப்பட்டிருந்த புகையுணர் கருவிகள் கண்டதை அறிவிக்கும் பலகை அவ்வறையில் இருந்தது. அதன் முன் அமர்ந்திருந்தவர் அப்பணிக்குப் புதியவர். கூரையகம், நடுக்கூடம், திருப்பண்ட மனை என்னும் மூன்று சொற்களும், அவற்றின்பின் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடொன்றும் பலகையில் தோன்றின எனப் பின்னர் வெளிவந்த செய்திகள் கூறுகின்றன. காவலர் ஒருவர் சென்று பார்க்கும்படி ஏவப்பட்டார். அவர் சென்ற இடம் குருமாரின் திருவுடைகளும் திருக்கலங்களும் வைக்கப்படும் திருப்பண்ட மனையின் கூரையகம். அது ஆலயத்தை ஒட்டி நிற்கும் வேறொரு சிறு கட்டடம். அங்கே தீயில்லை, புகையுமில்லை.

தவறு உணரப்பட்டு, அக்காவலர் திரும்பி வந்து, பேராலயத்தின் கூரையகத்தை நோக்கி ஏறக்குறைய 300 படிகள் ஏறிச் சென்று பார்த்தபோது, நூற்றாண்டுகள் பல கண்ட ஓக்கு மரச் சட்டங்கள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன. விளக்கு எரிந்ததற்கும் தீயணைப்புப் படைக்குச் செய்தி சென்றதற்கும் இடையில் ஏறக்குறைய அரைமணி நேரம் கழிந்தது. இரவு எட்டு மணி ஆகுமுன் கோபுர உச்சி முறிந்து வீழ்ந்தது. அவ்வாலயம் மீண்டும் திறக்கப்படுவதற்கு 2024ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியில் யாரைக் குற்றஞ் சொல்வது என்பது இங்கே பொருளன்று. கருத்தில் இருத்த வேண்டியது ஒன்றே. புகையுணர் கருவி பிழைக்கவில்லை, மின்கம்பி அறவில்லை, விளக்கு உரிய வேளையில் எரிந்தது. எல்லாம் ஒழுங்காய் நடந்தும், 'தீ' என்ற செய்தி சேர்ந்ததேயன்றி, 'இன்ன இடத்தில்' என்ற செய்தி மனிதனின் அறிவுக்குச் சேரவில்லை. அந்த இரண்டாவது செய்தியைச் சேர்ப்பதற்கென்றே அமைந்த கருவியைப் பற்றியது இன்றைய பேச்சு.

தீ எங்கே என்ற வினா புதியதன்று. முற்காலத்தில் நகரங்களில் தீப்பிடித்தால் கோயில் மணியை அடிப்பர். மக்கள் வாளியும் கையுமாய்த் தெருவுக்கு வருவர். வந்தபின் எத்திசையில் ஓடுவது என்றறியாது திகைப்பர். இக்குறையை நீக்க முயன்றவர்களுள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த இருவர் முதன்மையானவர். ஒருவர் வில்லியம் சனிங் என்னும் மருத்துவர். மற்றவர் மோசெஸ் பாமர். முன்பு பள்ளியாசிரியராய் இருந்து மின்னியலில் ஈடுபட்டவர். தந்தி முறையைத் தீயறிவிப்புக்குப் பயன்படுத்தி இவர்கள் வகுத்த அமைப்பு 1852ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் பொஸ்ரனில் இயங்கத் தொடங்கியது. தெருவோரங்களில் இரும்புப் பெட்டிகள் நாட்டப்பட்டன. பெட்டியின் கைபிடியைச் சுழற்றினால், அப்பெட்டிக்குரிய வட்டாரமும் எண்ணும் தந்திக் குறிகளாய் நடு நிலையத்தைச் சேரும். அங்கிருந்து நகரின் மணிகள் வட்டாரத்தின் எண்ணை ஒலிக்கும். வெறும் ஆரவாரமாயிருந்த மணியொலி இவ்வாறு முகவரி சொல்லும் மொழியாயிற்று.

ஆயினும் அதிலும் ஓர் இடர் இருந்தது. பதற்றத்தில் கைபிடியை மிக விரைவாய்ச் சுழற்றினால் குறிகள் ஒன்றோடொன்று மயங்கும். நிலையத்தில் இருப்பவர் ஒன்றும் அறியார். செய்தி அனுப்பப்படுவது வேறு, அது விளங்கிக் கொள்ளப்படுவது வேறு என்ற உண்மை இக்கருவியின் பிறப்பிலேயே தெரிந்துவிட்டது.

இன்று பெரிய கட்டடங்களில் உள்ள அமைப்பை நோக்குவோம். ஒவ்வோர் அறையிலும் புகையையோ வெப்பத்தையோ உணரும் கருவிகள் உள்ளன. படிக்கட்டு வாயில்களில் அழுத்தினால் அபாயம் அறிவிக்கும் சிவப்புப் பெட்டிகள் உள்ளன. இவையெல்லாம் கம்பிகளால் ஒரு தலைமைப் பலகையோடு இணைக்கப்பட்டுள்ளன. செய்திகளைக் கேட்பதும், மணிகளை ஒலிப்பிப்பதும் அதன் வேலை. பெரும்பாலும் அது மின்சார அறையிலோ, நிலக்கீழ்த் தளத்திலோ வைக்கப்படும். தீயணைப்பு வீரரோ முன்வாயில் வழியாக வருகின்றனர். அவர்கள் பூட்டிய அறையைத் தேடித் திறந்து செய்தியை வாசிக்க இரண்டு நிமிடம் சென்றால், அவ்விரண்டு நிமிடமும் தீக்குக் கொடுத்த கொடையாகும்.

ஆதலின், தலைமைப் பலகை அறிந்ததை வேறோரிடத்தில் காட்டுவதற்கு இரண்டாவது பலகையொன்று முன்வாயிலிலும், காவலர் அறையிலும், மருத்துவமனையாயின் தாதியர் இருக்கும் இடத்திலும் பொருத்தப்படுகின்றது. இதனைத் தொழில் செய்வோர் 'அனன்சியேற்றர்' என்பர். பிரித்தானிய முறை வழங்கும் நாடுகளில் 'ரிப்பீற்றர் பனல்' என்பர். இப்பேச்சின் பொருட்டு அதனைக் 'காட்டுபலகை' என்று வைத்துக்கொள்ளலாம். அது தானாக எதையும் உணர்வதில்லை. தலைமைப் பலகையின் வாயாக அது தொலைவில் நின்று பேசுகின்றது.

அவ்வாறு பேச அதற்கு இரண்டு வேண்டும்: ஒன்று மின்சாரம், மற்றொன்று செய்தி. பழைய காட்டுபலகைகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே சென்றன. கட்டடம் பத்துப் பகுதிகளாய்ப் பிரிக்கப்பட்டிருந்தால், பகுதிக்கு ஒரு கம்பியாகப் பத்துக் கம்பிகளும், எல்லாவற்றுக்கும் பொதுவாய் மீள்வதற்கு ஒரு கம்பியும் இழுக்கப்படும். மூன்றாம் பகுதியில் தீயென்றால் மூன்றாம் கம்பியில் மின்னோட்டம் சென்று மூன்றாம் மின்குமிழ் ஒளிரும். எளிய முறை; குற்றங் காண்பதும் எளிது. ஆனால் நூறு பகுதிகள் உள்ள கட்டடத்தில் விரல் தடிப்பான கம்பிக்கட்டு வேண்டியதாகும்.

இக்காலத்துக் காட்டுபலகைக்குப் பெரும்பாலும் நான்கு கம்பிகள் போதும். இரண்டு கம்பிகள் 24 வோல்ற்று நேர் மின்னோட்டத்தைக் கொண்டு செல்வன. மற்ற இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிச் சென்று செய்தியைச் சுமப்பன. இவ்விரு கம்பிகளில் பல பலகைகள் தொங்கலாம். தலைமைப் பலகை ஆசிரியர் வரவு குறிப்பதுபோல ஒவ்வொன்றையும் எண் சொல்லி அழைக்கும். அழைக்கப்பட்ட பலகை மட்டும் விடை சொல்லும். ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் தனியெண் இடவேண்டும். பலகையின் உட்புறத்திலுள்ள நுண்ணிய ஆளிகளைத் தள்ளி அவ்வெண் இடப்படும். இரண்டு பலகைகளுக்கு ஓரெண் அமைந்துவிட்டால் இரண்டும் ஒருங்கே விடைகூறும். தலைமைப் பலகைக்கு ஒன்றும் விளங்காது. சில அமைப்புகளில் விடைகூறாது கேட்டுக் காட்டுவது மட்டுமாகவும் ஒரு பலகையை அமைத்தல் கூடும். அவ்வாறு அமைப்பவர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: விடைகூறாத பலகை செயலிழந்துபோனாலும் தலைமைப் பலகை அதனை அறியாது.

செய்திக் கம்பிகளை இழுக்கும் முறைக்கும் ஒழுங்குண்டு. முதற் பலகையிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குமாகச் சங்கிலி போலச் செல்லுதல் வேண்டும். மரக்கிளைபோல இடையிடையே பிரித்தால், கிளையின் நுனியிற் பட்டுத் திரும்பும் குறிகள் மூலக் குறிகளைக் குழப்பும். இவ்வகை இணைப்புக்குப் பெரிதும் வழங்கும் மின்னியல் நியமத்தின்படி தொடரின் எல்லை ஏறத்தாழ 1200 மீற்றர். தொடரின் இறுதியில் 120 ஓம் தடையொன்று இணைக்கப்படும். எதிரொலியை விழுங்கும் திரைபோல அத்தடை பயன்படுகின்றது. கருவி செய்தவர் வேறு அளவு கூறியிருப்பின் அவர் கூற்றே கொள்ளத்தக்கது. கம்பியைச் சுற்றி உலோக உறையிருந்தால், அது வழக்கமாகத் தலைமைப் பலகையின் பக்கத்தில் மட்டும் நிலத்தோடு இணைக்கப்படும். வீட்டு மின்சாரம் செல்லும் கம்பிகளோடு ஒரே குழாயில் இதனைச் செலுத்துதல் ஆகாது.

மின்சாரக் கம்பியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. பலரும் இதிலேதான் தவறுகின்றனர். குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீற்றர் உள்ள செப்புக் கம்பிக்கு ஒரு கிலோமீற்றரில் ஏறக்குறைய 12 ஓம் தடையுண்டு. காட்டுபலகை 150 மீற்றர் தொலைவில் இருந்தால், போகவும் வரவுமாக 300 மீற்றர் கம்பி; தடை ஏறக்குறைய 3.6 ஓம். பலகை 0.2 அம்பியர் கொள்வதாயின், வழியில் இழக்கப்படும் அளவு 0.7 வோல்ற்று. இது பெரிதன்று. ஆனால் அதே தொலைவில் நான்கு பலகைகள் இருந்தால் இழப்பு ஏறக்குறைய 3 வோல்ற்று ஆகும். நகர மின்சாரம் அற்று, மின்கலங்களும் சோர்ந்து, 24 வோல்ற்று 20 வோல்ற்றளவுக்கு இறங்கியிருக்கும் வேளையில், அந்நான்கு பலகைகளுக்கும் 17 வோல்ற்றே எஞ்சும். சில பலகைகள் அவ்வளவில் இயங்க மறுக்கும். நல்ல நாளிற் சோதித்துப் பார்த்தவர், 'எல்லாம் ஒழுங்கு' என்று எழுதிச் சென்றிருப்பார். தீப்பற்றும் நாளோ மின்சாரம் அறும் நாளாகவும் இருத்தல் கூடும்.

மின்கலங்களின் அளவையும் இதே நோக்கோடு கணித்தல் வேண்டும். பிரித்தானிய முறையிலும் அமெரிக்க முறையிலும் பொதுவாக 24 மணி நேரம் அமைதியாய்க் காத்திருக்கவும், அதன்பின் மணியொலிக்கவும் மின்கலம் போதியதாயிருத்தல் வேண்டும். பலகையொன்று காத்திருக்கையில் 0.05 அம்பியர் கொண்டால், ஒரு நாளுக்கு 1.2 அம்பியர்-மணி செலவாகும். பின்னாளிற் புதிதாய்க் காட்டுபலகை பொருத்துவோர் கம்பியை இணைத்துவிட்டு, இக்கணக்கைத் திருத்த மறந்துவிடுகின்றனர். உண்பவர் தொகை கூடியும் உலையில் இட்ட அரிசி கூடாத வீட்டின் நிலை அது.

இனி, கம்பி அறுந்தால் என்ன செய்வது? சங்கிலியின் நடுவில் அறுந்தால், அதற்கு அப்பாலுள்ள பலகைகள் ஊமையாகும். கடைசிப் பலகையிலிருந்து வேறொரு வழியாகக் கம்பியைத் தலைமைப் பலகைக்கு மீட்டு வளையமாக அமைத்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் செய்தி மறுபுறத்தால் வந்துசேரும். ஆனால் போகும் கம்பியும் மீளும் கம்பியும் ஒரே குழாயில் அடுத்தடுத்துச் சென்றால், ஒரு தீயே இரண்டையும் எரித்துவிடும். வளையம் பெயரளவில் மட்டும் இருக்கும்.

கட்டுவோரும் இணைப்போரும் தத்தம் கடமையைச் செய்தபின், பலகையின் முன் நிற்பவரின் கடமை தொடங்குகின்றது. சிவப்பு விளக்கு தீயைக் குறிக்கும். மஞ்சள் விளக்கு பழுதைக் குறிக்கும்: கம்பி அறுந்தது, மின்கலம் சோர்ந்தது, ஒரு கருவி விடை கூறவில்லை என்பன போன்றவை. பச்சை விளக்கு மின்சாரம் உண்டென்பதைக் குறிக்கும். மஞ்சள் விளக்கை நாட்கணக்காய் எரியவிட்டுப் பழகிய கண், சிவப்பு விளக்கையும் ஒருநாள் அப்படியே பார்க்கும்.

விளக்குகளின் கீழே சில பொத்தான்கள் உள்ளன. அவற்றுள் மூன்றின் வேறுபாட்டை அறியாதவர் பலகையைத் தொடுதல் ஆகாது. முதலாவது, 'செய்தி கண்டேன்' என்று ஒப்புக்கொள்வது. பலகையின் சிறு ஒலி அடங்கும், விளக்கோ அணையாது. இரண்டாவது, கட்டடத்தின் மணிகளை அடக்குவது. அப்போதும் செய்தி பலகையில் நிற்கும். மூன்றாவது, பலகையைத் தொடக்க நிலைக்கு மீட்பது. இதனை அழுத்தினால் பலகை தான் கண்டதையெல்லாம் மறந்து, கருவிகளைப் புதிதாக வினவத் தொடங்கும். புகை இன்னும் இருப்பின் செய்தி மீண்டும் வரும். ஆனால் அதற்குள் பொன்னான நேரம் போய்விடும். இக்காரணத்தால், செய்தியை எவரும் வாசிக்கலாம், ஆனால் அடக்கவும் மீட்கவும் திறப்போ இரகசிய எண்ணோ உடையவருக்கே இயலும் என்ற வரம்பு ஐரோப்பிய நியமத்தில் விதிக்கப்பட்டுள்ளது.

மூன்றாம் பொத்தானின் கொடுமைக்கு ஒரு சான்றுண்டு. 1988ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 62 மாடிகள் கொண்ட வங்கிக் கட்டடமொன்றின் 12ஆம் மாடியில் தீப்பற்றியது. இரவு 10.30 மணியளவில் அம்மாடியின் புகையுணர் கருவி செய்தி அனுப்பியது. காவலர் பலகையை மீட்டுவைத்தனர். மீண்டும் செய்திகள் வந்தன, மீண்டும் மீட்டுவைத்தனர். சில நிமிடங்களில் மேல்மாடிகள் பலவற்றிலிருந்தும் செய்திகள் வந்தன. காரணத்தைப் பார்த்துவரப் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர் மின்னேற்றியில் 12ஆம் மாடிக்குச் சென்றார். கதவு திறந்த இடத்தில் தீ நின்றது. அவர் திரும்பவில்லை. தீயணைப்புப் படைக்கு முதலிற் செய்தி சொன்னவர் கட்டடத்திற்கு வெளியே நின்று தீயைக் கண்டவர்களே. ஐந்து மாடிகள் எரிந்தன.

அப்பலகை பொய் சொல்லவில்லை. ஒரு கருவி, பின்னர் பல கருவிகள், பின்னர் பல மாடிகள் என்று புகை ஏறும் வழியைப் படிப்படியாய்ச் சொல்லிற்று. முதலில் வந்த செய்தி தீ பிறந்த இடத்தைச் சொல்லும்; பின்வருவன அது செல்லும் திசையைச் சொல்லும். நல்ல காட்டுபலகைகள் முதற் செய்தியை அழியாது நிறுத்திவைப்பதும், பின்வந்தவற்றை வேறாகக் காட்டுவதும் இதனாலேயே. ஒவ்வொரு தடவையும் மீட்டுவைப்பவர், அந்தக் கதையின் முதற் பக்கத்தைத் தம் கையாலேயே கிழித்துவிடுகிறார்.

இறுதியாக, பலகையில் எழுதப்படும் சொற்கள். மேலே சொன்ன கம்பிகளும் கணக்குகளும் இச்சொற்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கே. அச்சொற்களை எழுதுபவர் பெரும்பாலும் கட்டட வரைபடத்தை வைத்துக்கொண்டு எழுதும் பொறியியலாளர். வரைபடத்தில் 'கிழக்குப் பகுதி, தொகுதி 4' என்றிருப்பதை அங்கே வேலை செய்வோர் 'பழைய சாப்பாட்டு மண்டபம்' என்று அழைத்தல் கூடும். நள்ளிரவில் பலகையை வாசிப்பவர் வரைபடத்தைக் கண்டவரல்லர். சாப்பாட்டு மண்டபத்தை அறிந்தவர். ஆதலால், முதலிற் கட்டடம், அடுத்து மாடி, அடுத்து மக்கள் வழங்கும் அறைப்பெயர் என்ற ஒழுங்கில் சொற்கள் அமைதல் நன்று. ஒன்றை ஒன்று ஒட்டிய இரு கட்டடங்கள் இருப்பின், ஒன்றின் பெயர் மற்றதன் செய்தியில் வாராதிருத்தல் வேண்டும். பாரிஸில் ஏற்பட்ட மயக்கத்தை இங்கே நேயர்கள் நினைவுகூரலாம். மூன்று மொழிகள் வழங்கும் இலங்கை போன்ற நாட்டில், இரவுக்காவலர் தடையின்றி வாசிக்கும் மொழி எது என்ற வினாவும் இதனோடு சேர்ந்ததே.

பலகையின் அருகே கட்டடத்தின் படமொன்று தொங்குதல் வழக்கம். அப்படம் பார்ப்பவர் நிற்கும் நிலைக்கு ஏற்ப அமைதல் வேண்டும். அவருடைய இடக்கைப் புறம் படத்திலும் இடப்புறமாக இருக்கவேண்டும். 'நீர் நிற்குமிடம் இது' என்ற குறியும் வேண்டும். சுவரில் இடமுள்ளவாறு படத்தைத் திருப்பி மாட்டினால், புகை மண்டலத்தில் ஓடுபவர் எதிர்த்திசையில் ஓடுவார்.

இவையெல்லாம் செம்மையாக உள்ளனவா என்று அறிய வழி ஒன்றே: சோதித்துப் பார்த்தல். தீயணைப்புப் படைக்கும் கட்டடத்தில் உள்ளோருக்கும் முன்னரே அறிவித்து, ஒருவர் ஓர் அறைக்குச் சென்று அங்குள்ள கருவியை இயங்கச் செய்யவேண்டும். மற்றொருவர் காட்டுபலகையின் முன் நின்று தோன்றும் சொற்களைத் தொலைபேசியில் உரக்க வாசிக்கவேண்டும். அவர் வாசித்த இடமும் இவர் நிற்கும் இடமும் ஒன்றாயின் நன்று. அன்றாயின் உடனே திருத்தவேண்டும். பிரித்தானிய முறையில் வாரந்தோறும் ஒரு சிவப்புப் பெட்டி, வாரத்துக்கு வேறொன்றாக, இவ்வாறு சோதிக்கப்படுகின்றது. செய்திக் கம்பியொன்றைக் கழற்றியும் பார்க்கலாம். அமெரிக்க விதிப்படி 200 செக்கனுக்குள் பழுது அறிவிக்கப்பட வேண்டும்.

இன்னுமொரு சோதனை உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த காவலரை அழைத்துப் பலகையின் முன் நிறுத்தி, அதில் தோன்றும் ஒரு செய்தியைக் காட்டி, 'இவ்விடத்திற்கு வழிகாட்டும்' என்று கேட்கவேண்டும். அவர் தயங்காது நடந்தால் பலகை தன் கடமையைச் செய்கின்றது. அவர் திகைத்து நின்றால், திருத்தப்படவேண்டியது அவரல்லர். பலகையில் உள்ள சொற்களும், அவற்றை அவருக்குச் சொல்லிக்கொடாத ஏற்பாடுமே. பாரிஸில் அச்சிறு அறையில் இருந்தவரும் பணிக்குப் புதியவரே. ஒரு பேராலயத்தின் கூரை அவர் வாசித்த மூன்று சொற்களில் தங்கியிருந்தது.